அடி தடித்து, நுனி மெலிந்து: காற்றாடி இறக்கைக்குள் இருக்கும் கணக்கு

உடுமலை, பூளவாடி, கேத்தனூர், பல்லடம் என்று எந்தப் பக்கம் போனாலும் மின்சாரம் தயாரிக்கும் காற்றாடி கண்ணில் படாமல் தப்ப முடியாது. ஆனால் அதன் இறக்கையைப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு, அது டிரெய்லர் லாரியில் ஊர்ந்து வரும்போதுதான் கிடைக்கிறது. அப்படிப் பார்த்தவர்களுக்குச் சில விஷயங்கள் உறுத்தியிருக்கும். அடிப்பகுதி, ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய வட்டக் குழாய். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி அது சட்டென்று அகன்று தட்டையாகிறது. அங்கிருந்து நுனி வரைக்கும் குறுகிக்கொண்டே போகிறது. போகப்போக யாரோ முறுக்கிவிட்டதுபோல் திரும்பியும் இருக்கிறது. போதாக்குறைக்கு நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. ஏற்றி வரும்போது சேதமாகிவிட்டதோ என்று கேட்பவர்களும் உண்டு.

சேதம் எதுவும் இல்லை. அந்த ஒவ்வொரு கோணலுக்கும் காரணம் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் அல்ல. நுனியில் காற்றியல் நிபுணர் சொல்வதுதான் சட்டம். அடியில் கட்டமைப்புப் பொறியாளர் சொல்வதுதான் சட்டம். நடுவில் இருப்பதெல்லாம் இருவரும் பேரம் பேசி ஒத்துக்கொண்ட வடிவம். இந்தப் பேரத்தில் மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு: இயந்திரம் நிற்கப்போகும் ஊரின் காற்று. நம் பகுதியில் காற்றாலை என்றால் மெகாவாட்டும் யூனிட் விலையும்தான் பேச்சு. நீளம் எத்தனை, முகப்பு (காற்றை முதலில் சந்திக்கும் முன்விளிம்பு) எப்படி இருக்கிறது, எந்தக் காற்றுக்காகச் செய்தது என்று இறக்கையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. வருமானத்தின் பெரும்பகுதியை முடிவு செய்வது அதுதான்.

முதலில் காற்று. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை வாய் திறந்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி நிற்கும்போது, கிடைத்த இடைவெளியில் நெருக்கிப் பாய்ந்து வேகம் பெறுகிறது. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி தொடக்கம் வரை மேற்கிலிருந்து ஓயாமல் வீசுகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் ஆகிய கணவாய்களுக்கும் இதே இயல்புதான். மீதி மாதங்களில், குறிப்பாக வடகிழக்குப் பருவத்தில், கொங்கு நாட்டுக் காற்று சோம்பிக் கிடக்கும். ஆக, ஆண்டில் நான்கைந்து மாதம் ஒரே திசையிலிருந்து நல்ல காற்று, மற்ற நாட்களில் மெல்லிய காற்று. புயல் கரையேறும் கடற்கரையிலிருந்து வெகுதூரம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் இனி வரும் கணக்குகள் எளிதாகும்.

காற்றில் இருக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். நம்மால் காற்றைக் கூட்ட முடியாது. இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பைத்தான் கூட்ட முடியும். அது இறக்கை நீளத்தின் இருமடிப் பெருக்கம். வட்டத்துக்குள் நுழையும் காற்றை முழுவதும் பிழிந்துவிடவும் முடியாது. வேகம் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் தேங்கி நின்றுவிடும், அடுத்த காற்று வர இடமிருக்காது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-இல் கணக்கிட்டபடி, அதிகபட்சமாக 59.3 சதவீதத்தைத்தான் எடுக்க முடியும். இன்றைய நல்ல இறக்கைகள் 45 சதவீதத்தைத் தாண்டி நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இந்த எல்லையை உடைத்துவிட்டதாக யாராவது ஒரு புதுமாதிரிக் காற்றாடியோடு வருவார். பணம் போடுவதற்கு முன் பெட்ஸை நினைத்துக்கொள்வது நல்லது.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். 2.1 மெகாவாட் திறனும் 120 மீட்டர் சுழல் விட்டமும் கொண்ட இயந்திரம்; இந்தியாவில் நிறுவப்பட்டுள்ள வகைதான். வட்டப் பரப்பு 11,310 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.8 ஏக்கர். கோவைப் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். வெயிலும் சேர்ந்துகொள்வதால் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.11 கிலோ அளவில்தான் இருக்கும். காற்று விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வீசினால், 45 சதவீதத்தைப் பிடிக்கும் இறக்கைக்குக் கிடைப்பது சுமார் 2.06 மெகாவாட். ஏறத்தாழ முழுத் திறன். காற்று 4.5 மீட்டராகக் குறைந்தால் வெறும் 260 கிலோவாட்.

இந்தத் திறனை இறக்கை எப்படி எடுக்கிறது? காற்று தள்ளுவதால் சுழல்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். தள்ளுவிசையை மட்டும் நம்பினால் இறக்கை காற்றைவிட வேகமாக ஓட முடியாது. நம் காற்றாடியின் நுனியோ காற்றைப்போல் எட்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது: 9 மீட்டர் காற்றில் விநாடிக்கு 72 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். தூரத்திலிருந்து பார்க்கும்போது சோம்பலாகச் சுற்றுவதுபோல் தெரிவது வெறும் தோற்றம். நிமிடத்துக்குப் பதினொன்றரைச் சுற்று என்றாலும் சுற்றளவு 377 மீட்டர். அந்த வேகத்தைத் தருவது விமான இறக்கையைத் தாங்கும் அதே தூக்குவிசை. காற்று வளைந்த முதுகுப் பக்கம் விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. இறக்கை அந்தப் பக்கமாக உறிஞ்சப்படுகிறது. அந்த விசையின் பெரும்பகுதி இறக்கையைக் கோபுரத்தை நோக்கித்தான் தள்ளுகிறது. சுழலும் திசையில் சாய்ந்து நிற்கும் சிறு பகுதிதான் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. இந்த விகிதாச்சாரம் பின்னால் கட்டமைப்புக்காரர்களுக்குத் தலைவலியாக வரும்.

முறுக்கு ஏன் என்பதும் இங்கேயே விளங்கிவிடும். இறக்கை உணரும் காற்று, தரையில் நிற்கும் நாம் உணரும் காற்று அல்ல. மேற்கிலிருந்து வரும் காற்றோடு இறக்கையின் சொந்த ஓட்டமும் சேர்ந்த கூட்டுக் காற்று அது. வட்டத்தை நெருங்கும்போது 9 மீட்டர் காற்று சுமார் 6 மீட்டராக மட்டுப்படுகிறது. நுனியில் ஓட்டம் 72 மீட்டர். எனவே கூட்டுக் காற்று சுழலும் தளத்திலிருந்து 5 டிகிரிக்கும் குறைவான சாய்வில் வந்து மோதுகிறது. மையத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் ஓட்டம் 14.4 மீட்டர்தான், அங்கே சாய்வு ஏறக்குறைய 23 டிகிரி. ஆனால் காற்று எல்லா இடத்திலும் ஒரே தாக்குகோணத்தில் (வரும் காற்றுக்கும் இறக்கையின் அகலவாட்டுக் கோட்டுக்கும் இடையிலான கோணம்), ஐந்தாறு டிகிரியில், பட்டால்தான் தூக்குவிசை அதிகமாகவும் பின்னிழுப்பு குறைவாகவும் இருக்கும். அடிக்கும் நுனிக்கும் நடுவே சுமார் 18 டிகிரி வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரே வழி, இறக்கையையே முறுக்குவது. பெரிய காற்றாடி இறக்கைகள் எல்லாம் பதினைந்து இருபது டிகிரி திருகியிருப்பது இதனால்தான்.

நுனி மெலிவதற்கும் இதே ஓட்டம்தான் காரணம். விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தோடு ஏறுகிறது. நுனி அவ்வளவு வேகமாக ஓடுவதால் குறைந்த அகலமே போதும். அகலமாக விட்டால் காற்றை அளவுக்கு மீறி அடைத்துவிடும். அடியில் ஓட்டம் மந்தம் என்பதால் அகலம் தேவை. மூன்றே இறக்கைகள் போதும் என்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. கிணற்றில் தண்ணீர் இறைக்க முன்பு வைத்த காற்றாடிகளில் பதினைந்து இருபது தகடுகள் இருந்தன. அவற்றுக்கு வேண்டியது மெதுவான சுழற்சியும் பெரிய திருப்புவிசையும். மின்சாரத்துக்கு வேகம் வேண்டும். இரண்டு இறக்கை வைத்தாலும் உற்பத்தி இரண்டு மூன்று சதவீதம்தான் குறையும். ஆனால் அதே அறுவடைக்கு அது இன்னும் வேகமாக ஓட வேண்டும், இரைச்சல் கூடும், காற்றின் திசைக்குத் தலையைத் திருப்பும்போது இயந்திரம் உதறும். மூன்று இருந்தால் எந்த நிலையிலும் எடை சமமாகப் பரவியிருக்கும்.

அடிப்பகுதி ஏன் காற்றியலைக் கைவிட்டு வட்டக் குழாயாக நிற்கிறது? உள்பக்க மூன்றில் ஒரு பங்கு நீளம் சுற்றி வருவது மொத்த வட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு பரப்பைத்தான். நுனிப் பக்கம் 30 சதவீத நீளமோ பாதிக்கு மேற்பட்ட பரப்பைச் சுற்றி வருகிறது. அடியில் கொஞ்சம் காற்றை விட்டுக்கொடுத்தால் நஷ்டம் சொற்பம். நுனியில் ஒரு விரல் அளவு கெட்டாலும் நஷ்டம் பெரிது. இந்தச் சலுகையைக் கட்டமைப்புப் பொறியாளர் முழுதாக எடுத்துக்கொள்கிறார். மூன்று இறக்கைகளும் சேரும் மையமான ஹப்போடு இணைக்கும் போல்ட்டுகள் சுற்றிலும் சமமாகப் பாரம் தாங்க வட்டம்தான் வசதி. இறக்கையைத் தன் அச்சில் திருப்பும் தாங்கியும் வட்டமே. அங்கிருந்து நுனி வரை வெட்டுமுகத்தின் (இறக்கையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வடிவத்தின்) பருமன் படிப்படியாக இளைக்கிறது: கால்வாசி நீளத்தில் அகலத்தின் 40 சதவீதம், நடுவில் 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, நுனியில் 18 சதவீதம் அளவில்.

ஆரம்ப காலத்துக் காற்றாடிகளுக்கு விமானத்துக்காகச் செய்த வெட்டுமுகங்களையே எடுத்துப் போட்டார்கள். 1980-களிலிருந்துதான் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் காற்றாடிக்கென்றே வெட்டுமுகங்கள் பிறந்தன. விமானத்தைக் கழுவித் துடைத்து ஹாங்கரில் நிறுத்தலாம். காற்றாடி அழுக்கோடுதான் வாழ வேண்டும். முகப்பில் அழுக்குப் படிந்தாலும் தூக்குவிசை சரிந்துவிடாத வடிவம் தேவைப்பட்டது.

அழுக்கின் கதை சுவையானது. கலிஃபோர்னியாவில் காற்றாலை வைத்திருந்தவர்கள் ஒரு புதிரில் மாட்டினார்கள். அதே இயந்திரம், அதே காற்று வேகம். ஆனால் சில நாட்களில் உற்பத்தி பாதியாக விழும், பிறகு காரணமில்லாமல் தேறும். 2001-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு குற்றவாளியைக் காட்டியது: பூச்சிகள். பலமான காற்றில் பூச்சிகள் பறப்பதில்லை. மெல்லிய காற்றில்தான் பறந்து வந்து இறக்கையின் முகப்பில் அடிபட்டு ஒட்டிக்கொள்கின்றன. மெல்லிய காற்று இருக்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை, ஏனென்றால் அவை ஒட்டிய இடத்தில் காற்றோட்டம் ஏறக்குறைய நின்றே போயிருக்கிறது. காற்று வலுத்ததும் தாக்குகோணம் கூடுகிறது. காற்று இரண்டாகப் பிரியும் புள்ளி நகர்ந்துவிடுகிறது. இப்போது அதே பூச்சித் தடங்கள், உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும் இடத்தில் முள்ளாக நிற்கின்றன. காற்று முதுகை விட்டுப் பிய்ந்துகொண்டு போகிறது. அடுத்த மெல்லிய காற்றில் இன்னும் பூச்சி ஒட்டும். மழை பெய்தால் கழுவிவிடும். உற்பத்தி விழுவதும் தேறுவதும் இப்படித்தான்.

இந்தத் தொல்லைக்குப் பெரிதும் ஆளாகிறவை, இறக்கை ஹப்பில் அசையாமல் பொருத்தப்பட்ட பழைய இயந்திரங்கள். அவற்றில் காற்று மிஞ்சினால் இறக்கை தானாகவே காற்றோட்டத்தை உதறி உற்பத்தியைக் கட்டுக்குள் வைக்கும்படி செய்திருப்பார்கள். இதைத்தான் ஸ்டால் கட்டுப்பாடு என்கிறார்கள். எளிய ஏற்பாடு, பழுதும் குறைவு. ஆனால் முகப்பு அழுக்கானால் உதற வேண்டிய நேரத்துக்கு முன்பே உதறிவிடும். அவசரமாக நிறுத்த, நுனித் துண்டு மட்டும் 90 டிகிரி திரும்பிக் காற்றை அடைக்கும். புதிய இயந்திரங்களில் இறக்கை முழுவதும் தன் அச்சில் திரும்புகிறது. முழுத் திறன் எட்டியதும் மிகுதிக் காற்றை நழுவ விடும். நிறுத்த வேண்டுமென்றால் கத்திமுனையாகக் காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். நம் பகுதியில் இரண்டு தலைமுறையும் அடுத்தடுத்த தோட்டங்களில் நிற்கின்றன. பழையதை வைத்திருப்பவர்கள் சீசன் தொடங்கும் முன் இறக்கை முகப்பைக் கழுவுவதற்குச் செய்யும் செலவு வீண்செலவல்ல. இங்கே பூச்சியோடு செம்மண் தூசியும் சேர்கிறது.

இனி பாரம். அதே 120 மீட்டர் இயந்திரத்தை அதே 9 மீட்டர் காற்று எவ்வளவு விசையோடு பின்னால் தள்ளுகிறது? சுமார் 41 டன். ஓர் இறக்கைக்குப் பதினான்கு டன் என்று வைத்து, அது மையத்திலிருந்து 40 மீட்டர் தூரத்தில் செயல்படுவதாகக் கொண்டால், அடிப்பகுதியில் வளைக்கும் திருப்பம், அதாவது விசையைத் தூரத்தால் பெருக்கிய அளவு, 550 டன்-மீட்டருக்குப் பக்கத்தில். இது முழுத் திறனைத் தொடும் நேரத்துக் கணக்குதான். திடீர்க் காற்று வீசினால் இன்னும் ஏறும்.

இரண்டாவது பாரம் எடை. இறக்கை ஒன்று 12 டன், எடை மையம் 20 மீட்டரில் என்று கொள்வோம். இறக்கை கிடையாக வரும்போது 240 டன்-மீட்டர் ஒரு விளிம்பை இழுக்கிறது, மறு விளிம்பை அழுத்துகிறது. அரைச் சுற்றில் எல்லாம் தலைகீழ். காற்று தள்ளும் விசையாவது கூடிக் குறைந்தாலும் ஒரே திசையில் இருக்கும். எடை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாற்றி வதைக்கிறது. 20 ஆண்டு ஆயுளில் எட்டுக் கோடி முதல் பத்துக் கோடி முறை. உடைக்கும் அளவுக்குப் பெரிய விசை வேண்டியதில்லை. இத்தனை முறை இப்படியும் அப்படியும் வளைத்தால் சிறு குறையும் விரிசலாகும். மூன்றாவதான மையவிலக்கு விசை, இறக்கையை வெளியே இழுப்பது, சுமார் 35 டன். நீள வாக்கில் இழைகள் தாராளமாக இருப்பதால் இதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

நீளத்தை இரட்டித்தால் வட்டப் பரப்பு நான்கு மடங்கு, எடை அப்படியே அளவு பெருக்கினால் எட்டு மடங்கு. வருமானத்தைவிடச் செலவு வேகமாக ஓடும் கணக்கு இது. இறக்கைத் தொழிலின் கடந்த 40 ஆண்டு வரலாறு, இந்த எட்டு மடங்கை ஐந்து மடங்குக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்திய வரலாறுதான். எப்படி முடிந்தது என்பதற்கு விடை இறக்கையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தெரியும். உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். முதுகிலும் வயிற்றிலும் நீள வாக்கில் ஓடும் இரண்டு தடித்த பட்டைகள். அவற்றில் இழைகள் எல்லாம் அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில் கிடக்கின்றன. பட்டைகளை இணைத்து நிற்கும் ஒன்று அல்லது இரண்டு குறுக்குச் சுவர்கள். வளைவைத் தாங்குவது பட்டைகள், வெட்டு விசையைத் தாங்குவது சுவர்கள். பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை இரட்டித்தால் விறைப்பு நான்கு மடங்காகும். காற்றியல்காரர் மெல்லிய வெட்டுமுகம் கேட்க, கட்டமைப்புக்காரர் தடித்தது கேட்பது இதனால்தான். மீதி ஓடு காற்றுக்கான உருவத்தை மட்டும் தருகிறது. இரண்டு மெல்லிய கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ நுரைப் பலகையோ வைத்த அடுக்கு. பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. 2020-இல் தட்டுப்பாடு வந்தபோது தொழிற்சாலைகள் பிளாஸ்டிக் நுரைக்கு வேகமாக மாறின.

மிக நீண்ட இறக்கைகளில் பட்டைகளுக்குக் கார்பன் இழை வருகிறது. கண்ணாடி இழையைப்போல் மூன்று மடங்கு விறைப்பு, எடை குறைவு, விலைதான் கடிக்கும். விறைப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? நீண்ட இறக்கைக்கு முதல் ஆபத்து உடைவது அல்ல, வளைந்து கோபுரத்தில் அடிப்பது. நல்ல காற்றில் நுனி பல மீட்டர் பின்னால் வளைகிறது. அதனால் சுழல் அச்சை ஐந்து டிகிரி அளவுக்கு அண்ணாந்திருக்கும்படி வைக்கிறார்கள். இறக்கையையே காற்றை நோக்கி இரண்டு மூன்று மீட்டர் முன்வளைத்து வார்க்கிறார்கள். லாரியில் பார்த்த வளைவு அதுதான். வேலை செய்யும்போது அது நிமிர்ந்துவிடும்.

வளைவைப் பகையாகப் பார்க்காமல் வேலைக்கு வைப்பது இன்னொரு போக்கு. பொள்ளாச்சிப் பக்கம் ஆடிக் காற்றில் தென்னை மட்டையைக் கவனித்தால் போதும்: காற்று வலுக்க வலுக்க மட்டை முறுக்கிக்கொண்டு வளைகிறது, ஓலைகள் ஒடுங்கிக் காற்றை வழியவிடுகின்றன. இறக்கையின் இழைகளை நீள வாக்கிலிருந்து சில டிகிரி சாய்த்து அடுக்கினால், அது வளையும்போது கூடவே திரும்பவும் செய்யும். தாக்குகோணம் தானே குறைந்து பாரம் இறங்கும். கணினிக் கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 50 மெகாவாட் காற்றாடிக்காக நடந்த வடிவமைப்பு ஆய்வொன்று, புயலில் வளைந்து கொடுக்கும் பனை வகை மரங்களைத்தான் வெளிப்படையாக முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என இரண்டு அச்சுகள். உலர்ந்த இழைத் துணிகளைக் கையால் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்துக்குள் ரெசினை (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) ஓடவிடுகிறார்கள். இறுகியதும் குறுக்குச் சுவரை நிறுத்தி, பசை பூசி, ஓர் அச்சின்மேல் மற்றதைக் கவிழ்த்து மூடுகிறார்கள். ஆம், இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பது பசைதான். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும், பசையில் ஓர் இடைவெளி விட்டாலும் பத்தாண்டு கழித்து அங்கேதான் விரிசல் கிளம்பும். பின்விளிம்பு பிளப்பது இதனால்தான் வழக்கமான பழுது. முன்விளிம்பின் எதிரி மழை. மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நுனிக்குச் சாரல் துளியும் கூழாங்கல்லாக அடிக்கிறது. வண்ணப்பூச்சு பெயர்ந்து, இழை தெரிந்து, முகப்பு சொரசொரப்பாகிறது. கணவாய் வழியே காற்றோடு சாரலும் வரும் ஆனைமலை அடிவாரத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால், பூச்சிக் கதைதான் திரும்ப நடக்கும். ஆனால் மழை கழுவித் தீர்க்காது. கோடை இடி மழைக் காலத்தில் மின்னல் இன்னொரு தொல்லை. நுனியில் பதித்த உலோகப் பொட்டிலிருந்து இறக்கைக்குள் கம்பி ஓடி மின்னலைத் தரைக்கு இறக்க வேண்டும். கம்பி எங்காவது அறுந்திருந்தால் மின்னோட்டம் வேறு பாதை தேடும். உள்ளே தங்கிய ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி ஓட்டைப் பிளந்துவிடும்.

இப்போது மூன்றாவது தரப்பிடம் வருவோம். சர்வதேசத் தரம் காற்றாடிகளை வகை பிரிக்கிறது. முதல் வகை, ஆண்டுச் சராசரி விநாடிக்கு 10 மீட்டர் காற்றுக்கும், மணிக்கு 180 கிலோமீட்டர் என்ற கொடும் காற்றுக்கும் தாங்க வேண்டும். மூன்றாம் வகைக்கு 7.5 மீட்டரும் 135 கிலோமீட்டரும் போதும். கொங்கு நாடு கடலுக்குத் தூரம், ஆண்டின் பெரும்பகுதி மெல்லிய காற்று. அதனால் மூன்றாம் வகை இங்கே பொருந்துகிறது. அதே பலத்தில், அதே செலவில் நீளமான இறக்கை வைக்கலாம். 250 கிலோவாட்டும் 29 மீட்டர் விட்டமும் கொண்ட 1990-களின் இயந்திரத்தில் வட்டப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 379 வாட் ஜெனரேட்டர். நம் 2.1 மெகாவாட் உதாரணத்தில் 186 வாட். பாதி. சிறிய ஜெனரேட்டரும் பெரிய இறக்கையும் என்பதே மெல்லிய காற்றுக்கான மருந்து: ஐப்பசியிலும் ஏதோ கொஞ்சம் ஓடும்.

ஆனால் நல்ல காற்று வரும் வரிசைகளில் நிற்பது அந்தக் குட்டை இறக்கைகள்தான். முதலில் வந்தவர்கள் முதல் இடத்தைப் பிடித்தார்கள். 1990-களில் வாங்கியவர்கள் பலருக்குக் காற்றைவிட, முதல் ஆண்டிலேயே நூறு சதவீதத் தேய்மானம் காட்டலாம் என்ற வருமான வரிச் சலுகைதான் பெரிதாகத் தெரிந்தது. நூற்பாலைகளுக்குச் சொந்த மின்சாரம் என்ற நல்ல நோக்கமும் இருந்தது, மறுக்கவில்லை. 20 ஆண்டு கடந்தவற்றைப் புதுப்பிக்கவும் ஆயுள் நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கேதான் இறக்கைக் கணக்கு இடறுகிறது. காற்றின் திசையில் விட்டத்தின் ஏழு மடங்கு, குறுக்கே ஐந்து மடங்கு இடைவெளி என்பது நடைமுறை விதி. 29 மீட்டருக்கு அது சுமார் 200 மீட்டரும் 145 மீட்டரும். 120 மீட்டருக்கு 840-உம் 600-உம். ஒரு புதியது பதினேழு பழையவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ளும். பதினேழு பழையவற்றின் கூட்டுத் திறன் 4.25 மெகாவாட். அப்படியானால் மெகாவாட் பாதியாகிறது. ஒரு ஏக்கர் நிலத்துக்குக் கிடைக்கும் வட்டப் பரப்பு துளியும் கூடவில்லை.

ஆதாயம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். முக்கியமானது உயரம்: 40 மீட்டரில் நின்ற ஹப் 120 மீட்டருக்குப் போனால், தென்னந்தோப்பும் வீடுகளும் தடுக்காத காற்று கிடைக்கும். அடுத்து, காற்றைப் பிடிக்கும் திறமை. நெருக்கமான இடத்தில் எவ்வளவு நீள இறக்கைக்கு எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் என்பதை ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ‘மெல்லிய காற்றுக்கு நீள இறக்கை’ என்ற விற்பனை வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்வது, ஆடி மாதக் காற்றைக் கொட்டிக் கவிழ்ப்பதில் முடியலாம். காற்று எப்போதும் மேற்கிலிருந்து வருவதால் இன்னொரு சிக்கல்: முன்னால் நிற்பதன் கொந்தளித்த எச்சக் காற்று, சீசன் முழுக்கப் பின்னால் நிற்கும் அதே இயந்திரத்தின்மேல்தான் விழும். உற்பத்தியும் குறையும், இறக்கை ஆயுளும் கரையும். பதினேழுக்கும் பதினேழு உரிமையாளர்கள் என்றால் பேச்சுவார்த்தை எந்த வேகத்தில் நகரும் என்பது ஊரில் பொதுக் கிணற்றுக்குப் பங்காளிகள் பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

கழற்றும் இறக்கைகளை என்ன செய்வது என்பதும் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி. இறுகிய ரெசினை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. ஜெர்மனியில் துண்டுகளாக்கிச் சிமெண்ட் சூளையில் போடுகிறார்கள்: ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடி இழை சிலிக்காவாகச் சிமெண்டில் சேர்ந்துவிடுகிறது. மதுக்கரைச் சுண்ணாம்புக் கல்லை நம்பி 1930-களிலேயே சிமெண்ட் ஆலை வந்த பகுதி நம்முடையது; அந்தத் தொழில் இங்கே புதிதல்ல. 13, 14 மீட்டர் நீளமுள்ள பழைய இறக்கைகள் முழுக்கக் கண்ணாடி இழை. இரண்டு மூன்றாக அறுத்தால் சாதாரண லாரியில் ஏறிவிடும். கார்பன் பட்டை வைத்த புதிய இறக்கைகளுக்கு இந்த வழி சரிப்படாது. கார்பன் இழை சூளையில் முழுதாக எரியாது. மின்சாரம் கடத்தும் அதன் துணுக்குகள் புகைபோக்கியின் மின்வடிகட்டிகளில் ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கும். புதிய இயந்திரத்துக்கு ஒப்பந்தம் போடுபவர்கள், பட்டையில் இருப்பது கண்ணாடியா கார்பனா, ஆயுள் முடிந்தபின் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு என்ற இரண்டையும் விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.